கேஸ் ஷீட்டில் ஒரு கேள்விக்குறி

காப்பீட்டு நிறுவனங்களின் நிராகரிப்புக் கடிதங்களில் பெரும்பாலும் சுவாரசியம் எதுவும் இருக்காது. பாலிசி எண், கிளைம் எண், நிபந்தனைப் பிரிவின் எண், கடைசியில் ஒரு 'வருந்துகிறோம்'. பாளையங்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் என்னிடம் கொண்டுவந்த கடிதத்தை மட்டும் யாரோ கொஞ்சம் யோசித்து எழுதியிருந்தார்கள். நோயாளிக்கு வந்திருப்பது பெருங்குடல் அழற்சி. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்குவதால் வருவது. இப்படிப்பட்ட நோய் ஒரே நாளில் முளைத்துவிடாது. ஆகவே பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயை மறைத்திருக்கிறார். கிளைம் கிடையாது.

இதில் முதல் இரண்டு விஷயங்களும் சரி. மூன்றாவது பாதி சரி. அந்த மீதிப் பாதியைப் பிரித்துக் காட்டத்தான், சொத்து வழக்கும் விபத்து இழப்பீடும் பார்த்துக்கொண்டிருந்த நான் வெள்ளையணுக்களைப் பற்றி உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று.

அண்ணாச்சிக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய். ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு நுரையீரலில் முடிச்சுகள் தெரிந்தன. மாத்திரை கொஞ்ச காலம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. அதன் பின் நிவோலுமாப் என்ற ஊசி மருந்து. இம்யூனோதெரபி என்கிறார்களே, அந்த வகை. அறுவை சிகிச்சைக்கும் சரி, ஊசிக்கும் சரி, நிறுவனம் மறுக்காமல் பணம் கொடுத்தது. ஊசியில் முடிச்சுகள் நன்றாகவே சுருங்கின. குடும்பத்தில் எல்லோரும் மூச்சுவிட்டுக்கொண்ட நேரத்தில் வயிற்றுப்போக்கு தொடங்கியது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல், ரத்தத்தோடு. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டீராய்டு ஏற்றினார்கள், அடங்கவில்லை. இன்ஃப்ளிக்சிமாப் என்ற இன்னொரு மருந்து கொடுத்த பிறகுதான் நின்றது. பில் ஏழு லட்சத்துச் சொச்சம். அதைத்தான் மறுத்திருந்தார்கள்.

"புத்துநோய்க்குப் பணம் குடுத்தாவ தம்பி. வயித்துக்குன்னா மாட்டேங்காவ. ஊசி போட்ட டாக்டரம்மாவே, இது மருந்தால வந்ததுதான்னு கையெழுத்துப் போட்டுத் தந்திருக்காவ. பொறவு என்ன?"

பிறகு என்ன என்பது கேஸ் ஷீட்டில் இருந்தது. சேர்த்த அன்று இரவு, பணியில் இருந்த இளம் மருத்துவர் வழக்கம்போல, முன்பு வயிற்றுக் கோளாறு ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி ஒளிவுமறைவு தெரியாத ஆள். பாலிசி எடுப்பதற்கு ஒரு வருடம் முன்னால் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பின் சில நாள் வயிறு சரியில்லாமல் போனதையும், ஊர் டாக்டர் 'ஐபிஎஸ்ஸாக இருக்கும்' (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்ற குடல் கோளாறு) என்று சொல்லி மாத்திரை தந்ததையும் ஞாபகமாகச் சொல்லிவைத்தார். அந்த மருத்துவர் முந்தைய நோய் என்ற இடத்தில் 'ஐபிஎஸ்?' என்று கேள்விக்குறியோடு எழுதினார். நாங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையீடு போட்டு, நிறுவனம் பதிலுரை தாக்கல் செய்தபோது அந்தக் கேள்விக்குறி காணாமல் போயிருந்தது. 'முறையீட்டாளர் ஏற்கெனவே ஐபிஎஸ் நோயால் பாதிக்கப்பட்டவர் என்பது அவரே அளித்த வாக்குமூலம்' என்று ஆகியிருந்தது.

இது புதிதல்ல. உடல்நலக் காப்பீட்டு வழக்குகளில் பாதி, சேர்க்கை இரவில் நோயாளியோ கூட வந்தவரோ பதற்றத்தில் சொன்ன ஒரு வரியில்தான் நிற்கின்றன. அதற்காக மருத்துவரிடம் எதையும் மறைக்கச் சொல்ல முடியாது. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள் என்று மட்டும் என் கட்சிக்காரர்களிடம் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

புற்றுநோய் மருத்துவரை மாலை ஓ.பி. கூட்டம் கலைந்த பிறகு போய்ப் பார்த்தேன். நான் கேட்டது ஒரே கேள்வி: மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதால்தானே இது? அந்த அம்மா தலையை ஆட்டினார். "ஒத்துக்காம போகல சார். மருந்து வேலை செஞ்சிருக்கு. நுரையீரல்ல செஞ்ச அதே வேலையைக் குடல்லயும் செஞ்சிருக்கு. இது அலர்ஜி இல்ல, விஷமும் இல்ல." பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தார். அந்தச் சீட்டு இன்னும் கேஸ் கட்டில் இருக்கிறது.

டி செல் என்பது வெள்ளையணுக்களில் ஒரு வகை. உடலின் செல்கள் தங்களுக்குள் உருவாகும் புரதங்களின் துணுக்குகளை வெளியே எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. டி செல்லின் மேலிருக்கும் ஏற்பி அந்தத் துணுக்கைத் தொட்டுப் பார்க்கிறது. தனக்குப் பொருந்துகிற துணுக்கு அகப்பட்டால் முதல் சைகை. அது மட்டும் போதாது. சிடி28 என்ற இன்னொரு ஏற்பிக்கும் சைகை வந்தால்தான் டி செல் பெருகிக் களத்தில் இறங்கும். இதுவரை பாடப்புத்தக விஷயம். எனக்குப் புதிதாக இருந்தது அதற்கு அடுத்தது. கிளர்ந்தெழுந்த டி செல், கூடவே தன்னை அடக்குவதற்கான ஏற்பிகளையும் தானே வெளியே கொண்டுவந்து நிறுத்துகிறது. சிடிஎல்ஏ-4 ஒன்று, பிடி-1 ஒன்று. லேக்-3, டிம்-3, டிஜிட் என்று இன்னும் சில. தாக்குதல் தொடங்கும்போதே அதை நிறுத்துவதற்கான ஏற்பாடும் தொடங்கிவிடுகிறது.

இரண்டு ஏற்பிகளும் வேலை செய்யும் இடமும் விதமும் வேறு. சிடிஎல்ஏ-4 பெரும்பாலும் ஆரம்பக் கட்டத்தில், நிணநீர்க் கணுக்களில். சிடி28 எதைப் பிடிக்குமோ அதையே இது இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. சிடி28-க்குக் கிடைக்க வேண்டிய சைகை கிடைக்காமல் போகிறது. பிடி-1 பிந்திய கட்டத்தில், திசுக்களுக்குள். அதற்கு மறுமுனையில் பிடி-எல்1 என்ற புரதம். ஓரிடத்தில் டி செல்கள் கூடி இன்டர்ஃபெரான் காமா சுரந்தால், அங்கிருக்கும் சாதாரணச் செல்களே பிடி-எல்1-ஐ மேலே கொண்டுவந்துவிடும். அது பிடி-1-ஐத் தொட்டதும் டி செல்லுக்குள் எஸ்எச்பி-2 என்ற நொதி வந்து ஒட்டிக்கொண்டு, சிடி28 போன்றவற்றின் மேல் ஏறியிருக்கும் பாஸ்பேட்டுகளைக் கழற்றிவிடுகிறது. சைகை மங்குகிறது. டி செல் அநேகமாகச் சாவதில்லை. இருந்த இடத்திலேயே அடங்கிக் கிடக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தை நான் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன்.

மருத்துவர்கள் எல்லோரும் இதை 'பிரேக்' என்கிறார்கள். எனக்கு அந்தச் சீட்டைப் பார்த்ததும் தோன்றியது இடைக்காலத் தடை. வழக்கு தள்ளுபடி ஆகவில்லை, தீர்ப்பும் வரவில்லை. ஸ்டே இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. நியாயமாகத் தடை வாங்க வேண்டியவை குடல், தைராய்டு, இதயம் போன்ற நம் சொந்தத் திசுக்கள். புற்றுக்கட்டியும் அதே சட்டப்பிரிவில் மனுப் போட்டுத் தடை வாங்கிவிடுகிறது. அதுவும் பிடி-எல்1-ஐத்தான் மேலே நிறுத்துகிறது. அதைத் தாக்க வந்த டி செல்கள் சுற்றிலும் கூட்டமாக நின்றும் சும்மா இருக்கின்றன. நிவோலுமாப் பிடி-1-ன் மேல் போய் உட்கார்ந்து, பிடி-எல்1 அதைத் தொடவிடாமல் செய்கிறது. ஸ்டே வெக்கேட் ஆகிவிடுகிறது. கட்டி வாங்கிய தடை மட்டுமல்ல, எல்லாத் தடையும். யார் வாங்கியது என்று அந்த மருந்து கேட்பதில்லை.

என் வழக்குக்கு இதுதான் தேவையாக இருந்தது. நுரையீரல் முடிச்சுகள் சுருங்கியதும் குடல் புண்ணானதும் இரண்டு காரணங்களின் இரண்டு விளைவுகள் அல்ல; ஒரே செயல். அந்தச் செயலை வரவேற்றுப் பணம் கொடுத்த நிறுவனம், அது குடலில் நடந்தபோது மட்டும் 'இது உங்கள் பழைய நோய்' என்று எப்படிச் சொல்ல முடியும்?

சொல்ல முடியாது என்பதை ஆணையத்தின் முன் ஆவணத்தோடு காட்ட வேண்டும். இங்கே ஆய்வகங்கள் எனக்கு உதவின. சிடிஎல்ஏ-4-ஐப் பிரான்சில் பியர் கோல்ஸ்டீன் குழு 1987-ல் கண்டுபிடித்தபோது அது எதற்கு என்று தெரியாது. அது அடக்கும் ஏற்பிதான் என்பது தொண்ணூறுகளின் நடுவில் தெளிவானது. அந்த மரபணுவே இல்லாத எலிகளை 1995-ல் இரண்டு குழுக்கள் உருவாக்கின. டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, உறுப்புகளுக்குள் புகுந்து, எலிக்குஞ்சுகள் மூன்று நான்கு வாரத்தில் செத்துப்போயின. வெளியிலிருந்து எந்தக் கிருமியும் கொடுக்கவில்லை. அடுத்த வருடமே ஜேம்ஸ் அலிசன் குழு, அந்த ஏற்பியைத் தற்காலிகமாக மறைத்தால் எலிகளின் கட்டி கரைவதைக் காட்டியது. அந்த வழியில் வந்த இபிலிமுமாப் 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பிடி-1 கியோட்டோவில் 1992-ல் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகத்தில் யசுமாசா இஷிடாவிடம் அகப்பட்டது. அவர்கள் தேடிக்கொண்டிருந்தது செல் தானாகச் சாவதற்கான மரபணுவை. அதன் உண்மையான வேலை தெரிய ஏழு வருடம் ஆயிற்று. பிடி-1 இல்லாத எலிகள் உடனே சாகவில்லை. 1999-ல் வெளியான ஆய்வில் ஒரு வகை எலிகளுக்கு வயதாக ஆக மூட்டும் சிறுநீரகமும் அழற்சி கண்டன. 2001-ல் வேறொரு வகை எலிகளில் அதே மரபணுவை நீக்கியபோது மூட்டு ஒன்றும் ஆகவில்லை; இதயம் வீங்கிப் பழுதானது. இந்த இரண்டு ஆய்வுகளையும் மருத்துவர் என்னிடம் கொடுத்தபோது, எலிக்கு வந்ததை வைத்து அண்ணாச்சிக்கு என்ன சொல்வது என்றுதான் நினைத்தேன். விசாரணையில் நிலைமை வேறாயிற்று, அதற்கு வருகிறேன்.

2018-ல் அலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது பலருக்குத் தெரியும். அதற்கு அடுத்த வருடமே மசாசூசெட்ஸ் மாவட்ட நீதிமன்றம் ஹோஞ்சோ தரப்பின் காப்புரிமைகளில் கோர்டன் ஃப்ரீமேன், கிளைவ் வுட் இருவரின் பெயரையும் கண்டுபிடிப்பாளர்களாகச் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2020 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பிடி-எல்1-ஐ அடையாளம் கண்டதில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்பதே காரணம். என் வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கண்டுபிடிப்பில் கூட்டாளி யார் என்ற கேள்வியை அந்தத் தீர்ப்பு அலசுகிற விதத்துக்காகவே அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசித்தேன். பாகப்பிரிவினை வழக்கு நடத்தியவர்களுக்குப் பிடிக்கும்.

எனக்கு மிகவும் உதவிய தாள் 2010-ல் வந்தது. பின்னால் நிவோலுமாப் என்று பெயர் பெற்ற இதே மருந்தை முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை. மொத்தம் 39 நோயாளிகள். அதில் கடுமையான பக்கவிளைவு என்று பதிவானது ஒன்றே ஒன்று: பெருங்குடல் அழற்சி. அதே சோதனையில் சிறுநீரகப் புற்றுநோய்க்காரர் ஒருவருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியதும் பதிவாகியிருக்கிறது. அண்ணாச்சியின் நல்லதும் கெட்டதும் சேர்ந்து அந்த ஒரே தாளில் இருந்தன. அதை முக்கிய ஆவணமாகக் குறியீடு செய்தேன்.

எதிர்தரப்பு வக்கீல் எனக்கு மூத்தவர். காப்பீட்டு வழக்குகளில் ஊறியவர். நாங்கள் மருத்துவரின் நிரூபண வாக்குமூலத்தைத் தாக்கல் செய்ததும், அவர் சத்தம் போடாமல் ஒரு வினாப்பட்டியல் கொடுத்தார். நுகர்வோர் ஆணையத்தில் சிவில் நீதிமன்றம் மாதிரி கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். எழுத்தில் கேள்வி, எழுத்தில் பதில் என்று போகும். அவருடைய கேள்விகள் கூர்மையானவை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

இன்ஃப்ளிக்சிமாப் எந்த நோய்க்கான மருந்து என்பது முதல் கேள்வி. குரோன் நோய், புண் உண்டாக்கும் நாள்பட்ட பெருங்குடல் அழற்சி ஆகியவற்றுக்குக் கொடுக்கப்படுவது என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது. அதைக் கொடுத்தார்கள் என்றால் அந்த நோய் இருந்தது என்றுதானே பொருள்? மருத்துவர் பதில் எழுதினார்: ஸ்டீராய்டுக்கு அடங்காத இம்யூனோதெரபி அழற்சிக்கு இன்ஃப்ளிக்சிமாப் கொடுக்கலாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டி நெறி சொல்கிறது. கொடுக்கும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்யப்பட்டதும் கேஸ் ஷீட்டில் இருக்கிறது. மருந்தை வைத்து நோயைத் தீர்மானிப்பதானால், ஆஸ்பிரின் சாப்பிடுகிற எல்லோருக்கும் மாரடைப்பு வந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை நான் அடித்துவிட்டேன். ஆணையத்துக்குப் போகும் காகிதத்தில் நக்கல் வேண்டாம்.

இரண்டாவது, கடைசி ஊசிக்கும் வயிற்றுப்போக்குக்கும் இடையே இரண்டு மாதத்துக்கும் மேல் இடைவெளி. மருந்து உடலை விட்டுப் போன பிறகு வந்த நோய்க்கு மருந்தை எப்படிக் காரணம் காட்டலாம்? சாதாரண மாத்திரையாக இருந்தால் இந்தக் கேள்வியில் நாங்கள் திணறியிருப்போம். நிவோலுமாப்பின் அரை ஆயுள் ஏறக்குறைய 25 நாள். அதைவிட முக்கியமானது, ரத்தத்தில் மருந்து குறைந்தாலும் அது ஏற்பியை விடுவதில்லை. அந்த 2010 தாளிலேயே இருக்கிறது: ரத்தத்தில் ஓடும் டி செல்களின் பிடி-1-ல் 70 சதவீதத்துக்கு மேல், ஊசி போட்டு இரண்டு மாதம் தாண்டியும் மருந்து அமர்ந்தபடியே இருந்தது. கொடுத்த அளவு கூடுதலோ குறைவோ, இது மாறவில்லை.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. அளவு குறைந்தாலும் ஏற்பி நிரம்பிவிடுகிறது என்றால், விலை உயர்ந்த இந்த மருந்தைக் கொஞ்சமாகக் கொடுத்தாலே போதாதா என்று யாருக்கும் தோன்றும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அதைச் செய்து பார்த்தார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய நோயாளிகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை 20 மில்லிகிராம் மட்டும். வழக்கமான 240-ல் பன்னிரண்டில் ஒரு பங்கு. வழக்கமாக அங்கே தரும் மலிவான மாத்திரைகளோடு இதையும் சேர்த்தபோது, ஒரு வருடம் கடந்தும் உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள். நம் நாட்டு ஆய்வுகளில் நான் முழுதாக வாசித்த ஒன்று இது. ஏழு லட்சத்துக்கு வாதாடிக்கொண்டிருந்த எனக்கு அந்த 20 என்ற எண் மனசில் நின்றுவிட்டது.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. அதை அவர் எழுத்தில் கேட்கவில்லை. இறுதி வாதத்தில் எடுத்தார். பிடி-1 மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கடுமையான பெருங்குடல் அழற்சி நூற்றில் ஓரிருவருக்குத்தான் வருகிறது, இபிலிமுமாப்பில்தான் அது அதிகம் என்று எங்கள் ஆவணங்களே சொல்கின்றன. மருந்துதான் காரணம் என்றால் மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை? இவருக்கு மட்டும், அதுவும் குடலில் மட்டும் வந்தது என்றால் குடலில் ஏற்கெனவே ஏதோ இருந்திருக்கிறது. அதைத்தான் ஊர் டாக்டர் ஐபிஎஸ் என்றார்.

நான் எலிகளை எடுத்தேன். ஒரே ஏற்பியை நீக்கியும் ஒரு வகை எலிக்கு மூட்டு, இன்னொரு வகைக்கு இதயம். தடையை நீக்குவது எல்லோருக்கும் பொது. நீங்கிய பிறகு எந்த உறுப்பு தாக்கப்படும் என்பது அவரவர் பிறவியில் அமைந்தது. எந்த உடலிலும் தன் திசுவையே தாக்கக்கூடிய டி செல்கள் கொஞ்சம் தப்பி வந்துவிடுகின்றன. அவை அடங்கிக் கிடக்கும்வரை அது நோயல்ல.

"அப்படியானால் அந்த அமைப்பு பாலிசிக்கு முன்பே இருந்தது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்" என்று அவர் உடனே எழுந்தார். ஆணையத் தலைவரும் என்னைப் பார்த்தார்.

கடிதத்தின் மூன்றாவது விஷயம் பாதி சரி என்று சொன்னேனே, அது இதுதான். அமைப்பு இருந்தது. ஆனால் பாலிசி கேட்பது அமைப்பை அல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறைப்படி, பாலிசிக்கு முந்தைய 48 மாதத்துக்குள் மருத்துவர் கண்டறிந்த நோய், அல்லது மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோய், இதுதான் 'முன்பே இருந்த நோய்'. (2024-ல் இதை 36 மாதமாகக் குறைத்துவிட்டார்கள், எங்கள் பாலிசி பழைய கணக்கு.) டி செல்லில் உறங்கிக் கிடக்கும் சாத்தியத்தை எந்த மருத்துவரும் கண்டறியவில்லை, கண்டறியவும் முடியாது. அதையெல்லாம் நோய் என்று எடுத்தால் இந்த நாட்டில் ஒருவருக்கும் பாலிசி கொடுக்க முடியாது. மீதி இருப்பது ஐபிஎஸ். ஐபிஎஸ்ஸில் குடல் சுவரில் அழற்சி இருக்காது. அண்ணாச்சியின் திசுப் பரிசோதனையில் அழற்சி அணுக்கள் நிறைந்திருந்தன. இரண்டும் ஒரே உறுப்பில் வருவதால் ஒரே நோய் ஆகிவிடாது. அவருக்கு ஐபிஎஸ் இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், சொல்லாமல் விட்ட நோய்க்கும் பிறகு நேர்ந்ததற்கும் தொடர்பு இல்லையென்றால் அதைக் காரணம் காட்டிப் பணத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சுல்பா பிரகாஷ் மோடேகாவ்ங்கர் வழக்கில் சொல்லிவிட்டது. அங்கே மறைத்ததாகச் சொன்னது முதுகுத்தண்டுக் கோளாறு, இறந்தது மாரடைப்பில்.

கடைசியில் அசல் கேஸ் ஷீட்டை வரவழைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். உறுப்பினர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தார். எதிர்தரப்பு வக்கீல் ஒன்றும் சொல்லவில்லை. பதிலுரையை எழுதியது அவரல்ல, நிறுவனத்தின் அலுவலகம் என்று எனக்கும் தெரியும்.

பின்வாங்குகிற ஆளல்ல அவர். மாற்று வாதம் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். மருந்தால்தான் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இது இம்யூனோதெரபியின் தொடர்ச் செலவு. 2019-ல் ஒழுங்குமுறை ஆணையம் நவீன சிகிச்சைகள் பன்னிரண்டைப் பட்டியலிட்டு அவற்றுக்குக் காப்பீடு தந்தாக வேண்டும் என்றது; அதில் இம்யூனோதெரபியும் ஒன்று. ஆனால் பாலிசியில் அதற்கு உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு ஊசிக்கே தீர்ந்துவிட்டது. ஆகவே இப்போது கொடுக்க எதுவும் இல்லை.

என் வாதத்தை எடுத்து எனக்கே திருப்பியிருந்தார். ஒரே செயல் என்று நான் நிரூபித்தது அவருக்கும் உதவியது. நல்ல வேளையாக, நிராகரிப்புக் கடிதத்தில் இந்தக் காரணம் இல்லை. கடிதத்தில் சொல்லாத காரணத்தை வழக்கு மன்றத்தில் புதிதாகக் கிளப்ப முடியாது என்பதற்கு சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கின் 2019 தீர்ப்பு இருந்தது. அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. பில் தொகை முழுவதும், ஆறு சதவீத வட்டி, மன உளைச்சலுக்கு நாங்கள் கேட்டதில் ஒரு சிறு பங்கு. காரணங்களை விளக்கும் பகுதியில் பிடி-1 பற்றி ஒரு பத்தி இருந்தது. என் தடையாணை உவமையைத் தலைவர் எடுத்துக்கொள்ளவில்லை, மருத்துவரின் வாக்குமூலத்தையே எடுத்தாண்டிருந்தார். உச்சவரம்பு வாதம் நிராகரிப்புக் கடிதத்தில் இல்லாததால் அதற்குள் போகவில்லை என்று ஒரே வரி. நிறுவனம் பாதித் தொகையைக் கட்டி மாநில ஆணையத்தின் மதுரை அமர்வில் மேல்முறையீடு செய்தது. சில வாய்தாக்களுக்குப் பிறகு சமரசம் பேச வந்தார்கள். இழப்பீட்டை விட்டுக்கொடுத்தால் மீதியை உடனே தருவதாகச் சொன்னார்கள். "முடிச்சு விடுங்க தம்பி, அவுகளும் வந்து போய்க்கிட்டுத்தான் இருக்காவ" என்றார் அண்ணாச்சி. முடித்தோம். நிவோலுமாப்பை அவருக்கு மறுபடி கொடுக்கவில்லை. மருந்தை நிறுத்திய பிறகும் முடிச்சுகள் வளரவில்லை என்று நான் கடைசியாகப் பார்த்த ஸ்கேன் சொன்னது. அடக்கு ஏற்பி மருந்துகளில் சிலருக்கு இப்படிப் பலன் நிலைத்து நிற்பதுண்டாம்.

உச்சவரம்புக் கேள்வி அப்படியே கிடக்கிறது. அடுத்த முறை கடிதம் எழுதுகிறவர் அதை முதல் காரணமாகவே போட்டுவிடுவார். அதில் எதிர்தரப்பு கவனிக்காமல் விட்ட ஒரு வில்லங்கமும் உண்டு. ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியலில் அந்த இனம் 'ஊசி மூலம் தரப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடி' என்று இருக்கிறது. நிவோலுமாப் மோனோகுளோனல் ஆன்டிபாடி. குடலைக் காப்பாற்றிய இன்ஃப்ளிக்சிமாப்பும் மோனோகுளோனல் ஆன்டிபாடிதான். எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடினால் எங்கள் பில்லின் பெரும்பகுதி அந்த வரம்புக்குள் போய் விழுந்திருக்கும். இறுதி வாதம் முடியும்வரை அவர் அதைப் பார்த்துவிடுவாரோ என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு ஒரு பதில் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன். இனத்தின் தலைப்பு இம்யூனோதெரபி. எதிர்ப்புச் சக்தியைக் கொண்டு நோயைத் தாக்குவது. இன்ஃப்ளிக்சிமாப் அதே எதிர்ப்புச் சக்தியை அடக்குவது. டிஎன்எஃப் என்ற சுரப்பைத் தடுக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்கிற மருந்துகள், மூலக்கூறின் வகை மட்டும் ஒன்று. பாலிசி வாசகத்தில் ஐயம் இருந்தால் அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்ற பழைய விதியும் கூடவே நிற்கும். போதுமா என்று தெரியாது. அந்தக் குறிப்பைப் பயன்படுத்தும்படியான வழக்கு இதுவரை என்னிடம் வரவில்லை.